உள்ளங்கால் அரிப்பும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

ஏழாம் மாதம் தாண்டிய கர்ப்பிணி உடம்பு அரிக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. வயிறு விரியும்போது தோல் அரிக்கத்தான் செய்யும், உடம்புச் சூடு, வெயில் என்று காரணங்கள் வரிசையாக வரும். தேங்காய் எண்ணெய் தடவு, வேப்பிலை போட்டுக் குளி என்று கைவைத்தியமும் கூடவே வரும். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் அரிப்பு வருகிறது. பிரிட்டனில் இதை நூற்றுக்கு 23 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே நாட்டில், கல்லீரலில் பித்தநீர் தேங்கி அதனால் அரிப்பு வருபவர்கள் நூற்றுக்கு 0.7 பேர்தான். அதாவது அரிக்கிறது என்று சொல்லும் முப்பது பேரில் ஏறத்தாழ ஒருவர். பாட்டியின் தீர்ப்பு இருபத்தொன்பது முறை சரியாகவே இருக்கிறது. சிக்கலே அதில்தான். இத்தனை முறை பலித்த தீர்ப்பை முப்பதாவது முறை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த முறை அது பொய்த்தால் அதன் விலையை வயிற்றிலிருக்கும் குழந்தை கொடுக்க நேரலாம்.

அந்த முப்பதாவது பெண்ணின் அரிப்புக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் 28 வாரங்களுக்குப் பிறகு தொடங்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடுதலாக இருக்கும், இரவானால் ஏறும். மின்விசிறியைக் கூட்டி வைத்துப் பார்ப்பாள், பாதத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பாள், குளியலறைக்குப் போய்க் குழாயடியில் காலை நீட்டிக்கொண்டு நிற்பாள், சீப்பை எடுத்துச் சொரிவாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தோலில் ஒன்றுமே இருக்காது. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. நகம் கிழித்த கோடுகள் மட்டும். வயிற்றின் வரித்தழும்புகளில் சிவந்த தடிப்புகளோடு தொடங்குவது வேறு நோய், தோலோடு நின்றுவிடுவது, குழந்தையைத் தொடாதது. தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் கட்டினால் அது இன்னொன்று, தோல் மருத்துவர் பார்க்கவேண்டியது. விரலிடுக்கில் அரித்து, வீட்டில் மற்றவர்களும் சொரிந்துகொண்டிருந்தால் சிரங்கு. ஆனால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிறதே, அதற்குத்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்த பிறகும் ஒரு குழப்பம் மிஞ்சுகிறது. அரிப்பை ஆற்றுவதும் குழந்தையைக் காப்பதும் ஒரே வேலை என்று நோயாளியும் நினைக்கிறாள், சில சமயம் மருத்துவரும் நினைக்கிறார். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், அவை இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதே தெரிகிறது. அரிப்பு எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அரிப்பு அடங்கிவிட்டது என்பதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

கல்லீரலில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லீரல் செல்களுக்கு நடுவே மைக்ரான் கணக்கில் அளக்கவேண்டிய ஒரு வாய்க்கால் ஓடுகிறது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள் பித்த அமிலங்களை அந்த வாய்க்காலுக்குள் தள்ளுகின்றன. இன்னொரு பம்பு ஒருவகைக் கொழுப்பை அதில் கலந்துவிடுகிறது. அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் சோப்புபோல அரிக்கும் பித்த அமிலம் வாய்க்காலின் சுவரையே அரித்துவிடும். வாய்க்கால்கள் கூடிக் கிளையாகி, குழாயாகி, பித்தப்பை வழியாகக் குடலுக்குப் போகின்றன. அங்கே சாப்பாட்டிலுள்ள எண்ணெயைக் கரைத்துக் கொடுத்த பிறகு, பித்த அமிலத்தில் பெரும்பகுதி குடல் வழியே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பி வருகிறது. ஒரே சரக்கு நாளுக்குப் பலமுறை சுற்றும் ஏற்பாடு இது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் பொருள்களும் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறி, இந்தப் பம்புகளை மந்தப்படுத்துகின்றன. பெரும்பாலான பெண்களின் கல்லீரல் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. பம்புகளைக் கட்டும் மரபணுக்களில் சிறு மாறுபாடு உள்ளவர்களுக்கு வாய்க்கால் தேங்குகிறது. உள்ளே போகவேண்டியது இரத்தத்தில் வழிகிறது. இரட்டைக் குழந்தை சுமப்பவர்களுக்கு ஹார்மோன் அளவு அதிகம் என்பதால் இந்த நோயும் அதிகம். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் ஹார்மோன் இறங்குகிறது; அரிப்பும் சில நாட்களில் போய்விடுகிறது.

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஒரு சங்கடம். பித்தம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. காலையில் குமட்டினால் பித்தம், தலை கிறுகிறுத்தால் பித்தம், வாய் கசந்தால் பித்தம். அமிலம் என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் நெஞ்செரிச்சல் நினைவுக்கு வருகிறது. ஆகவே 'பித்த அமிலம் கூடியிருக்கிறது' என்று அறிக்கையில் பார்த்த குடும்பம் இஞ்சிச் சாறும் சீரகத் தண்ணீரும் தயாரிப்பதில் வியப்பில்லை. புளிப்பு, காரம், எண்ணெய் எதைச் சாப்பிட்டதாலும் இந்த நோய் வருவதில்லை. எதை விட்டதாலும் போவதில்லை. தான் ஏதோ தப்பாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று ஒரு பெண் குற்ற உணர்வு கொள்ள இதில் இடமே இல்லை.

அடுத்து, அரிப்பு எங்கிருந்து வருகிறது? இரத்தத்தில் வழிந்த பித்த அமிலம் தோலில் படிந்து அரிக்கிறது என்பதுதான் நீண்டகால விளக்கம். கேட்க நன்றாக இருக்கும். கணக்கு மட்டும் ஒத்துப்போகாது. பித்த அமிலம் மிக அதிகமாக உள்ள சிலருக்கு அரிப்பு லேசாக இருக்கிறது. கொஞ்சமே கூடிய சிலர் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள். 2010இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று, பித்தத்தேக்கத்தால் அரிப்பு உள்ளவர்களின் இரத்தத்தில் ஆட்டோடாக்சின் என்ற நொதியின் செயல்பாடு அரிப்பின் தீவிரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டியது. அந்த நொதி உண்டாக்கும் லைசோபாஸ்பாடிடிக் அமிலம் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. புரோஜெஸ்டிரோனின் சல்பேட் ஏற்றப்பட்ட சிதைபொருள்களும் அரிப்போடு தொடர்புள்ளவை என்று பின்னர் பிரிட்டிஷ் ஆய்வுகள் கண்டன. முழுக்கதை இன்னும் முடியவில்லை. ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்கு ஒன்று தெளிவாகிறது: தாயைச் சொரியவைக்கும் பொருளும் குழந்தையைத் தாக்கும் பொருளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 'பொறுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இருக்கிறது' என்று ஒரு பெண் சொன்னதும் மருத்துவர் நிம்மதியடைவது இதனால்தான் தவறு.

இந்த நோய் நெடுங்காலம் சாதுவானது என்றே கருதப்பட்டது. 1883இல் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்ஃபெல்ட், ஒவ்வொரு கர்ப்பத்திலும் வந்து பிரசவத்தோடு மறையும் காமாலையைப் பற்றி எழுதினார். 1950களின் நடுவில் சுவீடனில் ஸ்வான்போர்க், தோர்லிங் இருவரும் இதைத் தனியொரு நோயாக வரையறுத்தார்கள். தாய்க்கு அரிப்பு, பிரசவம் ஆனால் குணம், அவ்வளவுதான் என்றிருந்தது. பிறகுதான் இறந்து பிறந்த குழந்தைகளின் கணக்கு மெதுவாகச் சேர்ந்தது. நாட்டுக்கு நாடு நோயின் அளவு வேறுபடுவதும் தெரியவந்தது. 1970களில் சிலியில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கர்ப்பிணிகளுக்கு இது இருந்தது. மபுச்சே பழங்குடி வம்சாவளியினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கேயே அது வெகுவாகக் குறைந்துபோனது. ஓரிரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது; ஆகவே உணவிலோ சூழலிலோ ஏதோ ஒன்று மாறியிருக்கவேண்டும். செலினியம் என்ற கனிமத்தின் மேல் சந்தேகம் விழுந்தது, உறுதியாகவில்லை. நம்மைத் தொடும் ஒரு எண்ணும் உண்டு. பிரிட்டனில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடம் இது நூற்றுக்கு 1.2 முதல் 1.5 வரை, அதாவது அந்நாட்டுச் சராசரியின் ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஊர்ப் பாட்டியின் தீர்ப்பு இருபத்தொன்பதுக்கு ஒன்று என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கே நம்மிடம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடலாம்.

குழந்தை எப்படி இறக்கிறது என்பதுதான் இந்த நோயின் குரூரமான பகுதி. வழக்கமாகக் கருவில் இருக்கும் குழந்தை ஆபத்தில் இருந்தால் முன்கூட்டியே அறிகுறி தெரியும்: வளர்ச்சி குன்றும், பனிக்குட நீர் குறையும், தொப்புள்கொடி இரத்த ஓட்டம் ஸ்கேனில் மாறும். நஞ்சுக்கொடி சோறு போடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதால் வரும் விளைவுகள் அவை. பித்தத்தேக்கத்தில் அப்படி இல்லை. குழந்தை நல்ல எடையில் இருக்கும், நேற்றுப் பார்த்த ஸ்கேன் நன்றாக இருக்கும், காலையில் எடுத்த இதயத்துடிப்பு வரைபடமும் சரியாக இருக்கும். மறுநாள் துடிப்பு இருக்காது. குழந்தை தன் பித்த அமிலத்தை நஞ்சுக்கொடி வழியே தாயிடம் அனுப்பிவிடுவதுதான் இயல்பு. தாயின் இரத்தத்தில் அளவு ஏறும்போது ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆய்வகத்தில், புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்களைப் பித்த அமிலத்தில் நனைத்தபோது, ஒத்திசைந்து துடித்துக்கொண்டிருந்தவை தாளம் தவறின. நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் அதில் சுருங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். மனிதக் குழந்தையிலும் திடீர் இதயத் தாளப் பிறழ்வுதான் காரணம் என்பது வலுவான ஊகம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடுவதும் இவர்களிடம் அதிகம். எப்படியானாலும், வாரம் இருமுறை இதயத்துடிப்பு வரைபடம் எடுப்பது காப்பாற்றும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. எடுக்கும் அரைமணி நேரம் குழந்தை நலமாக இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

முன்னறிவிப்பு கிடைக்காத ஆபத்துக்கு மருத்துவர்கள் கண்ட வழி, எல்லோருக்கும் 37 வாரத்தில் பிரசவம் பார்த்துவிடுவது. பயத்தில் பிறந்த வழக்கம் அது. ஆனால் அதைக் குறை சொல்லவும் முடியாது, வேறு அளவுகோல் கையில் இருக்கவில்லை. அளவுகோல் வந்தது சுவீடனிலிருந்து. மேற்குச் சுவீடனில் 1999 முதல் 2002 வரை 45,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அதில் 693 பேருக்குப் பித்தத்தேக்கம். பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவரை குழந்தைகளுக்குச் சிக்கல் கூடவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மைக்ரோமோலுக்கும் சிக்கலின் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம் ஏறியது. பத்தாண்டு கழித்து வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 40ஐத் தாண்டிய 669 பேரைப் பார்த்தது. இறந்து பிறந்தவை 1.5 சதவீதம், மற்ற கர்ப்பங்களில் 0.5. அதிலும் இறப்புகளில் பெரும்பாலானவற்றில் வேறொரு கர்ப்பகாலச் சிக்கலும் கூட இருந்தது. 2019இல் 'லான்செட்' இதழில் பல நாட்டுத் தரவுகளை ஒன்றுசேர்த்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒவ்வொருவராக அலசிய கட்டுரை வந்தது. ஒற்றைக் குழந்தை சுமந்தவர்களில், பித்த அமிலம் 40க்குக் கீழ் இருந்தோருக்கு இறந்து பிறத்தல் 0.13 சதவீதம். 40 முதல் 99 வரை 0.28. நூறும் அதற்கு மேலும் போனவர்களுக்கு 3.44. முதல் இரண்டும் சாதாரணக் கர்ப்பங்களின் அளவிலேயே நிற்கின்றன. மூன்றாவது மட்டும் பத்து மடங்குக்கு மேல் தாவுகிறது. படிப்படியாக ஏறும் மலைப்பாதை என்று எண்ணியிருந்தது, சமவெளியில் நடந்துபோய்ச் சட்டென்று எதிர்ப்படும் செங்குத்துப் பாறையாக இருந்தது.

இதற்கு எழும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த எண்கள் யாரிடமிருந்து வந்தவை? ஏற்கெனவே கண்காணிப்பில் இருந்து, பெரும்பாலும் 37, 38 வாரத்தில் பிரசவம் பார்க்கப்பட்டவர்களிடமிருந்து. சீக்கிரமே குழந்தையை வெளியே எடுத்ததால்தான் இறப்பு குறைந்திருக்கலாம் அல்லவா? குடை பிடித்துப் போனவனைக் காட்டி, மழை நனைக்காது என்று சொல்வதுபோல் ஆகாதா? மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. 0.13 என்ற எண்ணை வைத்து 41, 42 வாரம்வரை தாராளமாகக் காத்திருக்கலாம் என்று யாரேனும் சொன்னால் அது அத்துமீறல்; அந்த வாரங்களைப் பற்றி இந்தத் தரவு ஏறத்தாழ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பிரிவினருக்கும் அதே குடைதான் பிடிக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. சொல்லப்போனால் நூறைத் தாண்டியவர்களுக்கு இன்னும் பெரிய குடை. அப்படியிருந்தும் அவர்கள்தான் நனைந்தார்கள். ஆகவே பிரிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையானது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பிரிட்டனில் இறந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நம் நாட்டைவிடக் குறைவு. அந்தச் சதவீதங்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கக்கூடாது. எந்தப் பெண்ணைக் குறித்து அதிகம் கவலைப்படவேண்டும் என்ற வரிசை மட்டும் இங்கும் பொருந்தும்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. 19 முதல் 39 வரை லேசானது. வேறு சிக்கல் இல்லாவிட்டால் 40 வாரத்துக்குள் பிரசவம் பார்த்தால் போதும். 40 முதல் 99 வரை 38, 39 வாரம். நூறும் அதற்கு மேலும் என்றால் 35, 36 வாரம். அமெரிக்க வழிகாட்டி கொஞ்சம் வேறு மாதிரி: நூறுக்கு மேல் என்றால் 36 வாரம், கீழே இருந்தால் 36 முதல் 39க்குள். 'எதற்கு இந்த நுணுக்கமெல்லாம், எல்லோருக்கும் 36இல் எடுத்துவிட்டால் பாதுகாப்புதானே' என்று கேட்கலாம். கேட்பவர் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு இரவு உட்கார்ந்து பார்க்கவேண்டும். 36 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல், பால் குடிக்க முடியாமை, சர்க்கரை இறங்குதல், காமாலை எல்லாமே 39 வாரக் குழந்தையைவிட அதிகம். கடைசி வாரங்களில்தான் நுரையீரலும் மூளையும் தம் வேலையை முடிக்கின்றன. பித்த அமிலம் 30 உள்ள நூறு பெண்களின் குழந்தைகளையும் நான்கு வாரம் முன்பே எடுத்தால், அந்த அவதியைப் பலருக்கு நிச்சயமாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்பதே தெரியாத ஓர் ஆபத்தைத் தடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். நூறைத் தாண்டியவருக்கு அதே அவதி மலிவான விலை. எண் தெரியாமல் இந்த வியாபாரத்தைச் செய்ய முடியாது.

மருந்துக்கு வருவோம். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரைதான் இந்த நோய்க்கு உலகெங்கும் எழுதப்படுவது. பெயரிலேயே கரடி இருக்கிறது. 'உர்சுஸ்' என்றால் இலத்தீனில் கரடி. சீன வைத்தியத்தில் கரடிப் பித்தம் பழைய சரக்கு. 1927இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஷோதா என்பவர் கரடிப் பித்தத்திலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். இன்று மருந்துக் கடையில் கிடைப்பதற்கும் கரடிக்கும் தொடர்பில்லை, பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து கிடைக்கும் அமிலத்தை வேதிமுறையில் மாற்றிச் செய்கிறார்கள். இது கல்லீரலுக்கு நல்லது, ஆகவே குழந்தைக்கும் நல்லது என்று முப்பது ஆண்டுகளாக எல்லோரும் நம்பினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 33 மருத்துவமனைகளில் 605 பெண்களை வைத்து அந்த நம்பிக்கையைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தைப்போலவே தோன்றும் வெற்று மாத்திரை; யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. குழந்தை இறப்பு, குறைப்பிரசவம், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தல் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களிடம் 23 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களிடம் 27. தற்செயல் என்று தள்ளக்கூடிய வித்தியாசம். அரிப்பு நூறு மில்லிமீட்டர் அளவுகோலில் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. தாயின் இரவுத் தூக்கத்தில் பெரிதாக மாற்றம் தராத அளவு.

அப்படியானால் அதை ஏன் இன்னும் எழுதுகிறார்கள்? பிரிட்டிஷ் வழிகாட்டி வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. அமெரிக்க வழிகாட்டி தாயின் அறிகுறிக்கு முதல் மருந்தாகப் பரிந்துரைக்கிறது. அந்த ஆய்வில் பித்த அமிலம் மிக உயர்ந்த பெண்கள் குறைவு, அவர்களுக்கு உதவுமா என்பதை அது தீர்க்கவில்லை என்பது ஒரு வாதம். பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தானாக வரும் குறைப்பிரசவத்தை இது கொஞ்சம் குறைக்கலாம் என்ற குறிப்பும் கிடைத்தது. தீங்கு பெரிதாக ஒன்றும் இல்லை. என் பார்வையில், நூறை நெருங்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பதில் தவறில்லை. சிலருக்கு அரிப்பு உண்மையிலேயே அடங்கவும் செய்கிறது. தவறு வேறிடத்தில் நடக்கிறது. மாத்திரை எழுதியாயிற்று, இனி கவலையில்லை என்று மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. முப்பதாவது வாரத்தில் 25 இருந்தவருக்கு முப்பத்தைந்தாவது வாரத்தில் 110 ஆகலாம். மாத்திரை அதைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்னொரு முறை இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்.

அரிப்பை ஆற்றுவதற்கு மீதியுள்ளவை எளியவை. குளிர்ந்த நீர், தளர்ந்த பருத்தித் துணி, மெந்தால் கலந்த களிம்பு, காலமைன். தேங்காய் எண்ணெயும் தோலின் வறட்சிக்கு நல்லதே, பாட்டியோடு அதில் சண்டையில்லை. அலர்ஜி மாத்திரை இந்த அரிப்பின் வேரைத் தொடாது, ஆனால் மயக்கம் தந்து தூங்கவைக்கும். சில இரவுகளில் அதுவே பெரிய உதவி. மிகக் கடுமையானவர்களுக்குக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை நிபுணர்கள் சேர்ப்பதுண்டு. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் வைட்டமின் கே உறிஞ்சப்படுவதையும் கெடுக்கும். இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் அது என்பதால் பிரசவ நேரத்தில் கவனம் வேண்டும்.

நம் ஊர் நிலைமையில் எழும் மறுப்பு இன்னொன்று: பித்த அமிலப் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் இல்லை, விலையும் அதிகம், கிராமத்துப் பெண் எங்கே போவாள்? உண்மைதான். ஆனால் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, எல்.எஃப்.டி. என்று எல்லோரும் சொல்வது, பரவலாகக் கிடைக்கிறது. அதில் பார்க்கவேண்டியது ஏ.எல்.டி. என்ற நொதி. ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருந்தால் பயப்படவேண்டாம். நஞ்சுக்கொடியே அதைச் சுரக்கிறது. ஏ.எல்.டி. ஏறியிருந்தால் பித்த அமில மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு வீணாகாது. ஏறாமல் இருந்தாலும் அரிப்பு தொடர்ந்தால் ஓரிரு வாரத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அரிப்பு முதலில் வந்து, எண்கள் சில வாரம் கழித்து ஏறுவது இந்த நோயில் சாதாரணம். கண் மஞ்சளானால் கதையே வேறு. பித்தத்தேக்கம் உள்ள பெரும்பாலோருக்குக் காமாலை வருவதில்லை. ஆகவே மஞ்சளைக் கண்டதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது இங்கே உயிரோடு விளையாடுவது. கர்ப்பிணியை அசுத்தத் தண்ணீர் வழியே தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஈ நம் நாட்டில் கடைசி மூன்று மாதங்களில் உயிரையே பறிக்கக்கூடியது. கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரலும், இரத்த அழுத்தத்தோடு வரும் கல்லீரல் பாதிப்பும் மணிக்கணக்கில் முற்றும். வாந்தி, மேல்வயிற்று வலி, தலைவலி, குழப்பம் இவற்றில் ஏதாவது அரிப்போடு சேர்ந்தால் வாரக்கணக்கில் யோசிக்கக்கூடாது.

பிரசவத்துக்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் அது விட்டுப்போகிறது. நான்கு வாரமாவது கழித்துக் கல்லீரல் பரிசோதனையைத் திரும்பச் செய்து, எல்லாம் இயல்புக்கு வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் அது கர்ப்பத்தின் நோயாக இருக்கவில்லை. கர்ப்பம் வெளிச்சம் போட்டுக் காட்டிய வேறொரு கல்லீரல் நோய். அடுத்த கர்ப்பத்தில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ திரும்ப வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு அதே அரிப்பைக் கிளப்பும் என்பதால், மாத்திரை எழுதும் மருத்துவரிடம் இதைச் சொல்லவேண்டும். மகளோ தங்கையோ கருவுறும்போது அவர்களின் மருத்துவரிடமும் சொல்லவேண்டிய தகவல் இது.

இதைப் படிக்கும் நீங்கள் கர்ப்பிணியாக இருந்து, இரவில் உள்ளங்காலும் உள்ளங்கையும் அரித்து, தோலில் ஒன்றும் தெரியாவிட்டால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் மருத்துவரோ, 'அரிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், 'தடிப்பு இல்லாமல் அரிக்கிறது, கல்லீரலும் பித்த அமிலமும் பார்க்கமுடியுமா' என்று கேளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், எண் எதுவாக இருந்தாலும், அந்த மணிநேரமே கிளம்புங்கள். பித்த அமிலப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. பிரிட்டிஷ் வழிகாட்டியின் 19, 40, 100 எல்லாம் சாப்பிட்ட நிலையில் எடுத்த இரத்தத்துக்கு வகுத்த எல்லைகள்தான். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே கிளம்பலாம்.